கறுப்புத் திராட்சையில் வெள்ளை ஒயின்

வெள்ளை ஒயின் வெள்ளையாக இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டான் என்று லெட்டர் போடக்கூடாது. பால் வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை. எங்கள் மேனேஜரின் சட்டை திங்கட்கிழமை காலையில் மட்டும் வெள்ளை. வெள்ளை ஒயின் என்பது, ஒரே டீத்தூளை மூன்றாம் தடவை வடிகட்டினால் வருமே ஒரு வெளிறிய மஞ்சள், அது.

இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் பக்கத்து சீட் நண்பர் நாற்காலியோடு நகர்ந்து வந்துவிட்டார்.

"ஏறுமா?"

அவரைத் தப்பு சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஒயின் என்பது ஒரு பானம் இல்லை, ஒரு அட்ரஸ். "ஒயின் ஷாப்புக்கு எதிர்த்தாப்ல ரெண்டாவது சந்து" என்று கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களுக்கு வழி சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். போர்டில் ஒயின், உள்ளே பிராந்தி, ரம், பீர். 2003-ல் டாஸ்மாக்கே சில்லறைக் கடை நடத்த ஆரம்பித்து போர்டெல்லாம் மாறிய பிறகும் ஜனங்கள் வாயில் பெயர் மாறவில்லை.

"பிராந்தியில 42.8 சதவிகிதம் ஆல்கஹால் ஸார். வெள்ளை ஒயின்ல பதினொண்ணு, பன்னிரண்டு" என்றேன்.

"அப்ப எதுக்கு?" என்று நாற்காலியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட்டார்.

எதுக்கு என்றால், வாசனைக்கு. (பாட்டில் மேல் அச்சடித்திருக்கும் எச்சரிக்கை இந்தப் பக்கத்துக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

என் மச்சான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். போன தடவை லீவில் வந்தபோது சீனாவில் தியான்ஜின் துறைமுகத்தில் வாங்கிய ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். லேபிள் பூராவும் கோலம் போட்ட மாதிரி எழுத்து. குளிரவைத்துச் சாப்பிடவேண்டும் என்றார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுச் சட்டிக்கும் மோர்க்குழம்புக்கும் நடுவே, தினசரிப் பேப்பர் சுற்றி, சீயக்காய்ப் பொட்டலம் மாதிரி அது ஒரு பகல் பூராவும் பதுங்கி இருந்தது. ராத்திரி மொட்டை மாடிக்குக் கொண்டுபோகிற பொறுமை மச்சானுக்கு இல்லை. சமையற்கட்டுக்கு வெளியிலேயே கார்க்கைத் திருகினார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "யார்றா பன்னீர் திராட்சை வாங்கிட்டு வந்தது? நல்லாக் கழுவிச் சாப்பிடுங்கடா, மருந்து அடிச்சிருப்பாய்ங்க!"

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா சொன்னது அட்சர சுத்தமான உண்மை. நாலு கடல் தாண்டி வந்த பாட்டிலைத் திறந்தால் கொடை ரோடு ஸ்டேஷன் வாசனை!

கொடை ரோடு ஸ்டேஷன் தெரியுமில்லையா? கொடைக்கானல் என்று நம்பி வடக்கத்திக்காரர்கள் ஸ்வெட்டரோடு இறங்கி, அம்மையநாயக்கனூர் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நிற்பார்களே, அந்த ஸ்டேஷன். மலைக்கு அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர். அவர்களைத் தேற்றுவதற்கென்றே கூடையில் கறுப்புத் திராட்சையோடு ஆட்கள் வருவார்கள். சிறுமலை அடிவாரம், வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி, கொடை ரோடு என்று எங்கள் நிலக்கோட்டையைச் சுற்றி கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் பந்தலாக விளைகிற பழம். உருண்டை. கொட்டை உண்டு. தோல் கொஞ்சம் தடிப்பு. வாயில் போட்டு நசுக்கினால் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் சொம்பு தெளிக்குமே, அந்த வாசனை. அதனால்தான் அதற்குப் பன்னீர் திராட்சை என்று பெயர்.

தோட்டக்கலைக்காரர்கள் புத்தகத்தில் இதற்குப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். தியான்ஜின்காரர்கள் இதே திராட்சைக்கு அவர்கள் பாஷையில் வைத்திருக்கும் பெயர் மெய்க்வெய் ஷியாங். அர்த்தம், ரோஜா மணம். அவர்களுக்கும் நமக்கும் கடிதப் போக்குவரத்து கிடையாது. மூக்கு இரண்டு இடத்திலும் ஒன்றாக வேலை செய்திருக்கிறது.

மூக்கு பொய் சொல்லவில்லை என்று கெமிஸ்ட்ரியும் சொல்கிறது. மஸ்கட் ஜாதித் திராட்சைகளின் வாசனைக்கு முக்கியக் காரணம் லினலூல், ஜெரானியால் என்கிற சமாசாரங்கள். ஜெரானியால் ரோஜாவில் இருக்கிறது. லினலூல் மல்லிகையில் இருக்கிறது. விடிகாலையில் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குள் போனால் குப்பென்று முகத்தில் அடிக்கிற மல்லிகை வாசத்திலும், நாலு மைல் தள்ளிப் பந்தலில் தொங்குகிற திராட்சையிலும் ஒரே சரக்கு. பூவில் இருப்பதைப் பறித்து முழம் போட்டு விற்கிறோம். மீதியை சென்ட்டுக்கான மூலப்பொருளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். திராட்சையில் இருப்பதைக் கொட்டையோடு சேர்த்துத் துப்பிவிடுகிறோம்.

ஆனால் ஸார், பன்னீர் திராட்சை கறுப்பாச்சே, பாட்டிலில் இருந்தது வெளுப்பாச்சே என்று கேட்பீர்கள். ஒரு பழத்தை எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி மாதிரி வெளிர் பச்சைச் சதை. சாயம் எல்லாம் தோலில்தான். பழத்தைத் தோலோடு ஊறப் போட்டால் சிவப்பு ஒயின். மெதுவாகப் பிழிந்து, சாற்றை உடனே தோலிலிருந்து பிரித்துவிட்டால் வெள்ளை ஒயின். ஷாம்பேன் என்று சினிமாவில் பணக்கார வில்லன் பீய்ச்சி அடிப்பானே, அதில் பாதிக்கு மேல் கறுப்புத் திராட்சை போடுவது சர்வசாதாரணம்.

சாற்றில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்குகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஒரு சதவிகிதம் ஆல்கஹால். கொஞ்சம் சர்க்கரை மிஞ்சும்போதே நிறுத்திவிட்டால் அரை இனிப்பு. மச்சானின் பாட்டில் அந்த ரகம். நன்றாக இருந்ததா? நாக்குக்கு சுமார். மூக்குக்கு பிரமாதம். ஏறவில்லை என்பதைப் பக்கத்து சீட்டுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பன்னீர் திராட்சையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறினேன். நம் பத்திரிகைகள் எல்லாம் 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று எழுதுகின்றன. பாதிரியார் கொண்டுவந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும், கலப்படம் இல்லாமல் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆனால் இங்கிலாந்துத் தோட்டக்கலைப் பதிவுகளைப் பார்த்தால், மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகத்தை ஸெவார்ட் ஸ்நோ என்ற தோட்டக்காரர் உண்டாக்கியதே 1850 வாக்கில்தான். பிள்ளை பிறப்பதற்குப் பதினெட்டு வருஷம் முன்னாலேயே காதுகுத்து! ஒன்று, பாதிரியார் கொண்டுவந்தது வேறு திராட்சையாக இருக்கவேண்டும். அல்லது வருஷத்தை யாரோ கைத்தவறுதலாகப் போட, மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கவேண்டும். என் ஓட்டு இரண்டுக்கும் பாதிப் பாதி.

ஸ்நோ இரண்டு ஜாதியைச் சேர்த்துவைத்தார். ஒன்று பிளாக் ஹாம்பர்க். லண்டன் பக்கம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட அந்த ஜாதிக் கொடி ஒன்று இன்றைக்கும் காய்க்கிறது. இன்னொன்று மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. மத்தியதரைக் கடலோரம் பூரா பரவிக்கிடக்கிற பழைய வெள்ளைத் திராட்சை. போர்ச்சுகலில் செதூபல், ஸ்பெயினில் மாலகா, இத்தாலிக்குத் தெற்கே பான்தெலேரியா தீவு... எல்லா இடத்திலும் கடல் காற்றில் காய்த்து இனிப்பு வெள்ளை ஒயின் ஆகிறது. 2003-ல் டி.என்.ஏ. பார்த்தும் இந்தச் சம்பந்தத்தை உறுதி செய்துவிட்டார்கள். ஆக, கொடை ரோட்டில் கூடையில் வருகிற பழத்துக்கு ஒரு பக்கம் அரண்மனை உறவு. இன்னொரு பக்கம் கடலோரத்து ஒயின் குடும்பம்.

சீனா சங்கதிக்கு வருகிறேன். தியான்ஜின், போஹாய் கடலோரத்து ஊர். அங்கே ஹான்கு, சாதியென் என்று கடலை ஒட்டிய பகுதிகளில், உப்புப் பூத்த மண்ணில், இந்தத் திராட்சையைப் போட்டிருக்கிறார்கள். 1980-ல் பிரான்ஸ் நாட்டு ரெமி மார்ட்டின் கம்பெனியும் தியான்ஜின்காரர்களும் கூட்டுச் சேர்ந்து டைனஸ்டி என்ற பெயரில் ஒயின் ஆலை ஆரம்பித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்து பார்த்தால், அவர்கள் ஊர் உசத்தித் திராட்சை எதுவும் போதுமான அளவுக்கு இல்லை. இருந்தது இந்த ரோஜா மணம்தான். சரி, இருப்பதை வைத்துக் கல்யாணத்தை நடத்துவோம் என்று தோலைக் கழற்றிவிட்டு, அரை இனிப்பு வெள்ளை ஒயின் பண்ணினார்கள். அது அந்த ஆலைக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டுப் பக்கம் போனேன். அங்கே பந்தல் வைத்திருக்கிற ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். அந்த முறையில் எனக்கு மாமா. பம்ப் செட் ரூம் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு சீனக் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டவர், குளிர்காலத்துக் கதை வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

தியான்ஜினில் குளிர் வந்தால் பூமியே உறைந்துபோகும். அதற்கு முன்னாலேயே கொடியைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். வசந்த காலத்தில் தோண்டி எடுத்துத் திரும்பக் கட்டுவார்கள்.

"பொதைக்கிறாய்ங்களா? உசுரோடயா?"

"ஆமா மாமா. வருஷா வருஷம்."

"பாவிப் பயலுக..." என்றவர் கொஞ்சம் யோசித்து, "அம்புட்டு நாளும் கொடி தூங்குமா?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியில் பொறாமை இருந்தது. நம் ஊரில் திராட்சைக் கொடிக்குத் தூக்கம் கிடையாது. குளிரே இல்லாததால் அது பாட்டுக்கு வருஷம் பூரா இலை விட்டுக்கொண்டே இருக்கும். விவசாயிதான் கத்தரியை எடுத்துக் கவாத்துப் பண்ணி, பழைய கொடியை வெட்டித் தள்ளி, "பூத்துத் தொலை" என்று மிரட்டவேண்டும். வெட்டியதிலிருந்து ஏறக்குறைய நாலு மாசத்தில் அறுப்பு. திரும்பக் கவாத்து. சீனாக்காரனுக்கு வருஷத்தில் ஒரு அறுப்பு. மாமாவுக்கு ரெண்டு. கேட்க லாபமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெண்டு அறுப்பு என்றால் ரெண்டு தடவை உரம், ரெண்டு தடவை கூலி, பழுக்கிற நேரத்தில் மழை பெய்து பழம் வெடிக்குமோ என்று ரெண்டு தடவை வானத்தைப் பார்ப்பது.

அப்புறம் மருந்து. மழைக்காலம் வந்தால் இலைக்கு அடியில் சாம்பல் பூத்தாற்போல் வருகிற அடிச்சாம்பல் நோய்க்கு மாமா அடிப்பது போர்டோ கலவை. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். கலந்தபின் அரிவாள் நுனியை முக்கிப் பார்ப்பார். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை.

"மாமா, போர்டோன்னா என்னன்னு தெரியுமா?"

"மருந்துப் பேருதான?"

போர்டோ மருந்து இல்லை. பிரான்ஸில் அட்லாண்டிக் கடல் பக்கத்து ஊர். உலகத்திலேயே பேர்போன ஒயின் பிரதேசம். அங்கே ரோட்டோரம் போகிற பயல்கள் திராட்சையைப் பறித்துத் தின்றுகொண்டே இருந்தார்கள். தோட்டக்காரர்கள் அவர்களை பயமுறுத்துவதற்காக ரோட்டோரக் கொடிகளுக்கு மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து, விஷம் வைத்தாற்போல் நீலமாக்கி வைத்தார்கள். 1882-ல் அந்தப் பக்கம் போன மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். உள்ளே இருக்கிற கொடியெல்லாம் அடிச்சாம்பல் வந்து இலை உதிர்ந்து கிடக்க, ரோட்டோரத்து நீலக் கொடிகள் மட்டும் பச்சைப் பசேல் என்று நிற்கின்றன. ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார். நூறு லிட்டர் டிரம்மில் மாமா இன்றைக்குக் கலக்குவது அந்தத் திருடர்கள் போட்ட பிச்சை.

மாமா சந்தோஷமாகிவிட்டார். "இங்கயும் ரோட்டோரம் வர்ற காருக்காரய்ங்க இறங்கிப் பறிக்கிறாய்ங்க. எந்தப் புரபசரும் வரலியே!"

இனி முக்கியமான கேள்வி. இதே பழத்தை வைத்து சீனாவில் ஒயின் பண்ணுகிறான். இங்கே ஏன் அது கூடையிலும் லாரியிலுமே காலம் தள்ளுகிறது?

குடித்துவிட்டுக் கெட்டுப்போவோம் என்பதாலா? அதற்கு நமக்கு வேறு வசதிகள் இருக்கின்றன. முதல் காரணம் வெயில். வெள்ளை ஒயினின் சாறு 15 டிகிரி பக்கத்தில் நிதானமாகப் புளிக்கவேண்டும். நம் ஊரில் சித்திரை மாசம் இட்லி மாவு என்ன பாடுபடுத்துகிறது? ராத்திரி அரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழிந்து மேடையில் ஓடுகிறது. திராட்சைச் சாறும் அப்படித்தான் பொங்கும். பொங்குகிற வாயுவோடு ரோஜாவும் மல்லிகையும் ஜன்னல் வழியாகப் போய்விடும். மிச்சம், புளிச்ச தண்ணீர். ஆகவே எஃகுத் தொட்டி, குளிர்சாதனம், மின்சார பில். இது பந்தல்காரர் கையில் இருக்கிற காசில் நடக்காது.

ரெண்டாவது, சட்டம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ல் வந்தது. எந்த மதுவையும் லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினாலும் குற்றம், புளிக்கவைத்தாலும் குற்றம். மகாராஷ்டிராவில் 2001-ல் அரசாங்கமே திராட்சை ஒயினுக்கென்று தனிக் கொள்கை போட்டு, வரிச் சலுகை கொடுத்து, நாசிக்கைத் தூக்கிவிட்டது. நாசிக்குக்கு இன்னொரு அதிர்ஷ்டம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். ராத்திரி குளிரும்.

மூன்றாவது காரணம் மாமா சொன்னது. எனக்கு மற்ற ரெண்டையும்விட இதுதான் சரி என்று படுகிறது.

"ஒயினுக்குன்னு வர்றவன் எந்தப் பழத்தைக் கேப்பான் மாப்ளே? கொத்து அழகா இருக்கணும், பழம் பெருசா இருக்கணும்னா கேப்பான்? நசுக்கப் போறவனுக்கு அழகு எதுக்கு? மண்டியில கழிச்சுப் போட்டதக் குடுங்கம்பான், கழிச்ச வெலைக்கே கேப்பான். கேரளாக்காரன் லாரில ஏத்துறப்ப நல்ல கொத்துக்கு நல்ல வெலை. என்ன, ஒரே நேரத்துல எல்லாப் பந்தலும் பழுத்துச்சுன்னா அவனும் கைய விரிச்சுருவான். அன்னைக்கு மட்டும் யாராவது நசுக்குறவன் இருந்தா நல்லாருக்கும்."

அன்னைக்கு மட்டும்! அந்த ஒரு நாளுக்காக யாரும் ஆலை கட்டமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு நாளில்தான் குடும்பக் கணக்கு கவிழ்கிறது. பன்னீர் திராட்சைக்கு ஆயுசு கம்மி. பறித்தால் ரெண்டு மூன்று நாளில் காம்பு வாடி, பழம் உதிர ஆரம்பிக்கும். நெல்லைப் போலப் பத்தாயத்தில் போட்டு வைக்க முடியாது. காயவைத்துக் கிஸ்மிஸ் ஆக்கலாம் என்றால் ஒவ்வொரு கிஸ்மிஸுக்குள்ளும் கொட்டை கடகடக்கும். பாயசத்தில் போட்டால் சம்பந்தி கோபித்துக்கொள்வார். வெள்ளம் மாதிரி வரத்து வந்த வாரத்தில் பந்தலோடு விட்டுவிட்டு, அடுத்த கவாத்துக்குக் கடன் கேட்கப் போகவேண்டியதுதான். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி மூன்று தடவை ஆகி, போன வருஷம் கல்தூணைப் பிடுங்கிவிட்டு, அதே கல்லை பிளாட்டுக்கு எல்லைக்கல்லாக நட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒயின் பண்ணித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஒயினுக்கே பிறந்தவர்கள் என்று நாம் நினைக்கிற பிரெஞ்சுக்காரர்கள், வாந்தூ மலையடிவாரத்தில் விளைகிற இதே மஸ்கட் ஹாம்பர்கைச் சாப்பிடுகிற பழமாகவே வைத்திருக்கிறார்கள். 1997-ல் அதற்கு, பெரிய ஒயின்களுக்குத் தருகிற மாதிரியே, ஊர்ப்பெயர் உரிமை கொடுத்தார்கள். 'மஸ்கட் து வாந்தூ' என்று பெட்டியில் போட்டால் வேறு ஊர்ப் பழத்தை உள்ளே வைக்கமுடியாது. நம் பக்கத்திலும் 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வந்தது. வாழ்க. கம்பம் பள்ளத்தாக்கு எங்களுக்கு அண்ணன் முறை. மாமாவின் பழம் லாரியில் ஏறும்போது அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"பழம்."

வேறு பெயர் கிடையாது. கடலோரத்து ஒயின்காரன் விற்பது பாதி சாறு, பாதி ஊர்ப்பெயர். கொடை ரோடு என்ற பெயருக்கு ரெயில்வே டைம்டேபிளில் இருக்கிற மரியாதை திராட்சைப் பெட்டியில் இல்லை.

கிளம்பும்போது மாமா நிறுத்தினார். "அந்தக் காலத்துல நம்மாளுக இதெல்லாம் குடிச்சிருப்பாய்ங்களா? ராஜாக்கள்லாம்?"

குடித்திருக்கிறார்கள். அதுவும் நம் மதுரைப் பாண்டியனே. புறநானூற்றில் 56-வது பாட்டு, நக்கீரர் பாடியது. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பார்த்து, யவனர்கள் கொண்டுவந்து கொடுத்த குளுகுளுவென்று மணக்கிற மதுவை, வளையல் போட்ட பெண்கள் பொன் கிண்ணத்தில் ஊற்றித்தர, தினமும் மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார். வாசனையைத்தான் புலவர் முதலில் சொல்கிறார், கவனியுங்கள். ஏறுமா என்று அவர் கேட்கவே இல்லை.

அந்த மது எப்படி வந்தது என்பதற்குப் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் சாட்சி இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு மற்றவர்களும் தோண்டினார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்து ஒயின் ஜாடிகளின் ஓடுகள் நிறையக் கிடைத்தன. அமெரிக்காவைச் சேர்ந்த எலிசபெத் லைடிங் வில் அம்மையார் அவற்றை ஆராய்ந்து, அவற்றில் பெரும் பங்கு கோஸ் ரக ஜாடிகள் என்று எழுதினார். கைப்பிடியில் ரெட்டைக் குழல் ஒட்டினாற்போல் இருக்குமாம், அதுதான் அடையாளம். கோஸ் என்பது துருக்கிக் கரையை ஒட்டிய கிரேக்கத் தீவு. வைத்திய பிதாமகர் ஹிப்போகிரட்டிஸ் பிறந்த இடம். அந்த ஊர் ஒயினுக்கு உலகம் பூரா கிராக்கி. காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அதில் கடல் தண்ணீர் கலப்பார்கள்!

ரோமாபுரி பிளினி இதன் ஆரம்பத்தையும் எழுதிவைத்திருக்கிறார். ஒரு அடிமை, எஜமானனின் ஒயினைத் திருடிக் குடித்துவிட்டு, அளவு குறையக்கூடாதே என்று கடல் தண்ணீரை ஊற்றி நிரப்பிவைத்தான். எஜமானன் குடித்துப் பார்த்துவிட்டு, பேஷ் என்றுவிட்டான். (நம் பால்காரருக்கு இப்படி ஒரு எஜமானன் வாய்க்கவில்லை.) வெள்ளைத் திராட்சைச் சாற்றில் இப்படிக் கடல் தண்ணீர் கலந்தால் அதற்கு லியூகோகோவும், அதாவது வெள்ளைக் கோஸ் என்று தனிப் பெயர். கெட்டோ என்ற இன்னொரு ரோமாபுரிக்காரர், விவசாயப் புத்தகத்தில் செய்முறையே கொடுத்திருக்கிறார். அறுப்புக்கு எழுபது நாள் முன்னாடி, காற்றடிக்காத நாளில், கரையை விட்டுத் தள்ளிப்போய் ஆழ்கடல் தண்ணீர் மொண்டு வரவேண்டும், ஜாடியில் ஊற்றித் தெளியவைக்க வேண்டும் என்று பாட்டி வைத்தியம் மாதிரி விலாவாரியாகப் போகிறது. உப்பு இருந்ததால் ஒயின் சீக்கிரம் கெடாமல், செங்கடல் தாண்டி நம் கரை வரைக்கும் தாக்குப்பிடித்தது.

மாமா திண்ணையிலிருந்து இறங்கி, பம்ப் செட் தொட்டியில் கையை விட்டு ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார்.

"கடல் தண்ணியா? அதுக்கு எதுக்கு மாப்ளே அம்புட்டுத் தூரம் போகணும்? எழுநூறு அடி போர் போட்டுருக்கேன். இதே அப்படித்தான கெடக்கு. வேணும்னா ஒரு கேன் பிடிச்சுட்டுப் போ."